வேன் கண்ணாடியின் உள்பக்கம்

முக்கூடலில் வீடும் பேட்டையில் வேலையும் உள்ளவர்களுக்குச் சூரியனோடு தீராத வழக்கு ஒன்று உண்டு. காலையில் கிழக்கே போகும்போது உதயம் நேரே கண்ணில் குத்தும். மாலையில் மேற்கே திரும்பும்போது அஸ்தமனம் நேரே கண்ணில் குத்தும். பேட்டையில் வீடும் முக்கூடலில் வேலையும் உள்ள ஒருவன் இருந்தால் அவனுக்கு இரண்டு வேளையும் முதுகில்தான் வெயில். ஆனால் அப்படி ஒருவனை இந்த வட்டாரத்தில் யாரும் கண்டதில்லை. வேலை கிழக்கே, வீடு மேற்கே என்று யாரோ வகுத்துவிட்டார்கள். வகுத்தவர் வேன் ஓட்டியவர் அல்ல.

சுடலைமணி வேன் ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். மீசைக்கு மட்டும் சாயம் போடுவார், தலைக்குப் போட மாட்டார். கேட்டால், "தலைய யாரு பாக்கா?" என்பார். இளம் வயதில் வயல்களில் டிராக்டர் ஓட்டினார். பிறகு குட்டி லாரியில் வாழைத்தார் ஏற்றினார். பிறகு ஒரு பழைய வேனைச் சொந்தமாக வாங்கி, பேட்டையில் பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கும் கம்பெனிக்கு முக்கூடல் பெண்களை ஏற்றிப்போக ஆரம்பித்தார். காலையில் கொண்டுபோய் விடுவார், பகலெல்லாம் அங்கேயே வேப்பமரத்தடியில் வண்டியைப் போட்டுக் காத்திருப்பார், மாலையில் திருப்பிக் கொண்டுவருவார். இந்த மூன்று தொழிலிலும் கண்ணாடியைப் பற்றி அவருக்குக் கவலை வந்தது மூன்றாவதில்தான். டிராக்டருக்குக் கண்ணாடியே கிடையாது. வாழைத்தார் ஜன்னலில் தலை சாய்ப்பதில்லை.

பெண்கள் சாய்ப்பார்கள். நாளெல்லாம் மிஷினில் குனிந்திருந்த கழுத்து, வேன் கிளம்பியதும் பக்கத்துக் கண்ணாடியில் போய்ச் சாயும். முக்கூடலில் தேங்காய் எண்ணெய் தேய்க்காத தலையைப் பார்ப்பது அரிது. ஆகவே ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு வட்டம். சுடலைமணி அந்த வட்டங்களைப் படிக்கக் கற்றிருந்தார். உயரத்தில் இருப்பது பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிற முத்துராணியுடையது. கொண்டையை உச்சியில் போடுகிறவள். தாழ்வாகவும் பரவலாகவும் இருப்பது செக்கிங் பிரிவில் இருக்கும் ஆசியா உம்மாளுடையது. அவள் முக்காட்டோடு தூங்குவாள், எண்ணெய் துணி வழியாகக் கசிந்து பூப்போல இறங்கியிருக்கும். ஒருநாள் முத்துராணியின் வட்டம் இரண்டு ஜன்னல் பின்னால் தள்ளிப் போயிருந்தால் யாரோடோ சண்டை என்று பொருள். மறுபடி பழைய இடத்துக்கு வந்தால் சமாதானம். அவர் வாய் திறந்து ஒன்றும் கேட்க மாட்டார். மறுநாள் காலை, "என்ன, ராசியாயாச்சா?" என்று மட்டும் சொல்லுவார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று பெண்கள் பலகாலம் வியந்துகொண்டிருந்தார்கள்.

பக்கத்துக் கண்ணாடி அவருக்கு விளையாட்டு. முன்கண்ணாடிதான் வழக்கு. அதன் வெளிப்பக்கத்தைப் பற்றி அவருக்குக் குறை கிடையாது. வெளியே சேறு தெறிக்கும், பூச்சி மோதும், காக்கை எச்சமிடும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் போய்விடும். உள்பக்கம் அப்படியல்ல. அங்கே சேறு இல்லை, பூச்சி இல்லை, காக்கை ஏறுவதில்லை. யாரும் தொடுவதுகூட இல்லை. ஆனாலும் வெயில் எதிரே வந்த கணத்தில் கண்ணாடி முழுக்க மோர் ஊற்றியது போல ஒரு வெள்ளை எழும்பும். யாரும் அழுக்காக்காத இடம் எப்படி அழுக்காகிறது? மனித மனத்தைப் பற்றி இப்படிக் கேட்டவர்கள் உண்டு. வேன் கண்ணாடியைப் பற்றிக் கேட்டவர் சுடலைமணி. அவரும் முதலில் தானாகக் கேட்கவில்லை. ஆடுகள் கேட்க வைத்தன.

ஒரு மாலை, சுத்தமல்லி தாண்டிச் சற்று தூரத்தில், சாலையில் ஒன்றும் இல்லை என்று நினைத்து அவர் போய்க்கொண்டிருந்தார். சாலை நிறைய ஆடுகள் இருந்தன. பின்னாலிருந்த பெண்கள் கத்திய கத்தலில் பிரேக்கை மிதித்தார். டிபன் வாளிகள் உருண்டு வண்டியின் முன்பக்கம் வந்து சேர்ந்தன. கடைசி ஆட்டின் வாலுக்கும் வண்டியின் பம்பருக்கும் நடுவே ஒரு கை நுழையலாம்.

ஆட்டுக்காரர் வந்து முன்கண்ணாடியில் தட்டினார். "ஏ வேன்காரரே, கண்ணு பொடதியிலயா இருக்கு? இம்புட்டு ஆடு போகுது, ஒண்ணுகூடவா தெரியல?"

"கண்ணாடி மங்கல் வே. எதுத்தாப்ல வெயிலு."

"மங்கலா இருந்தா கண்ணாடியத் தொடையும் வே. என் ஆட்டத் தொடைக்காதீரும்."

ஆட்டுக்காரர் போய்விட்டார். ஆனால் வேனுக்குள் விவகாரம் முடியவில்லை. அதற்கு முந்தைய வாரம் இதே சாலையில் ஒன்றுமே இல்லாத இடத்தில், மின்கம்பத்தின் நிழலைப் பார்த்து அவர் பிரேக் போட்டிருந்தார். இல்லாததற்கு நின்று, இருப்பதற்கு நிற்காமல் போகிற ஓட்டுநரை என்ன செய்வது? ஆசியா உம்மாள்தான் தொடங்கினாள். தைத்த சட்டையை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, விட்டுப்போன தையலைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. குறை என்று ஒன்று தெரிந்தால் சொல்லாமல் இருக்க அவளால் ஆகாது.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், கோவிக்கப்படாது. ஒங்க கண்ணுல புரை விழுந்திருக்கு."

"என் கண்ணுக்கு ஒரு கேடும் இல்லம்மா. அந்தா தூரத்துல வாற பஸ்ஸு போர்டக்கூட வாசிச்சிருவேன்."

"வாசிப்பிய, வாசிப்பிய. இந்த ரோட்டுல எல்லாப் பஸ்ஸும் ஒரே ஊருக்குத்தான போகுது."

வேன் சிரித்தது. முத்துராணி மட்டும் சிரிக்கவில்லை. "சும்மா இருங்க ராத்தா. கண்ணாடியத் தொடைச்சா எல்லாம் சரியாப் போவும். அண்ணாச்சி எத்தன வருசமா ஓட்டுதாவ!"

"எத்தன வருசமா ஓட்டுதாவங்கதுதான் பிள்ள எனக்கும் பயமா இருக்கு. கண்ணுக்கும் அத்தன வருசம் ஆச்சுல்லா? நம்ம மவுத்து இந்த வேன்லதான்னு எழுதியிருந்தா யாரு மாத்த முடியும்? ஆனா ஆட்டு மந்தையோட சேத்தா எழுதியிருக்கும்?"

அந்த மாலையிலேயே முடிவு வந்தது. இந்த வாரம் பார்ப்பது. இதே கதை நீடித்தால் கண்ணன் வண்டிக்கு மாறிவிடுவது. கண்ணன் அதே ஊர்க்காரர், முப்பது வயதுக்காரர், ஏ.சி. போட்ட புது வேன் வைத்திருக்கிறார். பெண்கள் மாறிவிட்டால் சுடலைமணியிடம் மிஞ்சப்போவது எண்ணெய் வட்டங்கள் மட்டும்தான். அவர் வேறு தொழிலுக்குப் போகிற வயதில் இல்லை. திரும்ப வாழைத்தாருக்குப் போகலாம் என்றால் அதற்கும் கண் வேண்டும்.

ஆகவே குற்றவாளி கண்ணாடிதான் என்று அவர் நிரூபித்தாக வேண்டும்.

முதலில் குற்றம் எந்தப் பக்கம் என்பதைக் கண்டுபிடித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் கோடு கோடாகத் தெரிகிறது. ஆனால் கோடு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது தெரிவதில்லை. ஒருநாள் வெளிப்பக்கத்தைக் குறுக்காகவும் உள்பக்கத்தை மேலிருந்து கீழாகவும் துடைத்தார். மறுநாள் உதயத்தில் பார்த்தால் எல்லாக் கோடும் செங்குத்தாக நின்றன. வழக்கு பாதி முடிந்தது. உள்பக்கம்.

இனித் துணி. முத்துராணி கம்பெனியிலிருந்து வெட்டுத் துண்டுகள் ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். புத்தம்புது யூனிபார்ம் துணி, ஊதாவும் வெள்ளையும். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் நீரைக் குடிக்காத துணி அது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வியர்வையையே குடிக்காது, கண்ணாடித் தண்ணீரையா குடிக்கப்போகிறது? இங்கிருந்த ஈரத்தை அங்கே தள்ளியது, அங்கிருந்ததை இங்கே தள்ளியது. போதாததற்கு அதிலிருந்த கஞ்சி கரைந்து கண்ணாடியில் ஒட்டியது. அடுத்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். துண்டு தன்னிடமிருந்த தலை எண்ணெயையும் கண்ணாடிக்குக் கொடுத்தது. பாத்திரம் துலக்கும் சோப்பைப் போட்டார். வெயிலில் வானவில் தெரிந்தது. குத்துவிளக்கைச் சாம்பல் போட்டுத் துலக்கினால் பளபளக்கிறதே என்று யோசித்து, திருநீற்றை ஈரத்தில் குழைத்துத் தேய்த்தார். கண்ணாடி சிவப்பழமாகிவிட்டது. செய்தித்தாளைக் கசக்கித் துடைத்தது ஓரளவு பலித்தது. ஆனால் கசக்குமுன் பிரித்து வாசிக்க ஆரம்பித்துவிடுவார். அரைமணி நேரம் கழித்து நாட்டு நடப்பு தெரிந்திருக்கும், கண்ணாடி அப்படியே இருக்கும்.

இத்தனையையும் அவர் மனைவி ஆறுமுகத்தாய் கவனித்துக்கொண்டிருந்தாள். அவள் பீடி சுற்றுகிறவள். மடியில் இலையும் புகையிலைத் தூளும் பரப்பிய சொளவை வைத்தபடி, கை தன்பாட்டுக்கு இலையைச் சுருட்டிக்கொண்டிருக்க, வாய் தன்பாட்டுக்குப் பேசும்.

"வீட்டு ஜன்னலு எத்தன வருசமா அழுக்காக் கெடக்கு. அது ஒரு நாளும் ஒங்க கண்ணுல படலயே."

"வீடு ஓடாதுளா."

"ஓடாத வீட்டுல ஒரு பழைய வேட்டி கெடக்கு. ஒங்க அய்யா கட்டுனது. தொவச்சுத் தொவச்சு கஞ்சியெல்லாம் செத்துப்போன துணி. அத எடுத்துக் கிழிச்சுக்கிடுங்க. சோப்பு கீப்பு போடாம வெறுந்தண்ணியில அலசிக்கிட்டுப் போங்க."

அந்த வேட்டிதான் பேசியது. ஈரத்துண்டால் ஒரு மூலையை மட்டும் அழுத்தித் துடைத்து, அது காயுமுன் உலர்ந்த துண்டால் ஒத்தி எடுத்தபோது, வெள்ளைத் துணியில் கடுங்காப்பி நிறத்தில் ஒரு கறை வந்தது. அவர் திகைத்துப்போனார். இது தூசியின் நிறமல்ல. புகையின் நிறம். வண்டிக்குள் யாரும் புகைப்பதில்லை. அவரும் புகைப்பதில்லை, பீடி சுற்றுகிற வீட்டில் பீடி குடிக்காதவர் என்று அவரைப் பற்றி ஊரில் ஒரு பரிகாசமே உண்டு. துணியோடு வீட்டுக்கு ஓடினார்.

"ஏளா, ஒன் பீடித்தூளு வண்டி வரைக்கும் வந்திருக்கு, பாரு."

"என் தூளு எதுக்கு ஒங்க வண்டியில ஏறுது? மோந்து பாருங்க முதல்ல."

மோந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. தாழம்பூ ஊதுபத்தி.

தினமும் காலையில், பெண்கள் ஏறுமுன், டேஷ்போர்டில் இருக்கும் சுடலைமாடன் படத்துக்கு அவர் ஊதுபத்தி கொளுத்துவார். ஆற்றங்காற்றில் தீக்குச்சி நிற்காது என்பதால் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் இறுக அடைத்துக்கொள்வார். கொளுத்திய பிறகும் திறக்க மாட்டார். ஏறுகிறவர்களுக்கு வண்டி மணக்க வேண்டும். பத்தி நின்ற இடம் முன்கண்ணாடியின் அடிவாரம். புகை ஏறிய இடம் முன்கண்ணாடி. ஒரு நாள் புகை கண்ணுக்குத் தெரியாது. வேன் வாங்கிய நாளிலிருந்து ஏறிய புகைதான் அது. வழியில் ஆபத்து எதுவும் எதிர்ப்படக் கூடாது என்று கும்பிட்டுக் கொளுத்தியது. ஆபத்து எதிர்ப்பட்டால் அது தெரியாதபடி படிந்துவிட்டது.

"இப்பம் என்னளா செய்ய? சாமிக்குப் பத்தி போடாம எப்படி நிப்பாட்ட?"

"யாரு நிப்பாட்டச் சொன்னா? சுடலை வெட்டவெளியில நிக்க சாமி. கூரையே வேண்டாம்பாரு. அவரக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குள்ள அடைச்சு, பொகையும் போட்டா அவருக்கு மூச்சு முட்டாதா? வெளிய வச்சுக் கொளுத்துங்க."

மறுநாளிலிருந்து பத்தி முன்பம்பருக்குப் போனது. தீப்பெட்டி சீக்கிரம் காலியானது. சுடலைமாடன் ஆட்சேபித்ததாகத் தகவல் இல்லை.

வேனில் இந்தச் செய்தியை அவர் அறிவித்தபோது குரலில் வெற்றி இருந்தது. ஆசியா உம்மாள் நமட்டுச் சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எப்பமோ தெரியும் அண்ணாச்சி. பத்திப் பொகைன்னு நான் சொன்னா, ஆசியா சாமி குத்தம் பேசுதான்னு வரும். அதான் வாய மூடிக்கிட்டு வந்தேன்."

"நீங்க வாய மூடிக்கிட்டு வந்தத நாங்க ஒரு நாளும் பாக்கலையே ராத்தா" என்றாள் முத்துராணி.

"நீ சும்மா கெட. அண்ணாச்சி, கண்ணாடிதான்னு நீங்க சொல்லுதிய, கண்ணுதான்னு நான் சொல்லுதேன். ஒரு வேல செய்யுங்க. பூராவும் தொடைக்காதீய. பாதியத் தொடைங்க. ஸாம்பிளப் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் பீஸு தெரியும்."

அவருக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்தது. தோற்கப் போகிறவளே தராசைக் கொண்டுவந்து தருகிறாள் என்று நினைத்தார். அன்று பகல் முழுவதும் பேட்டையில் வேப்பமரத்தடியில் வேலை நடந்தது. வெயிலில் துடைத்தால் துணி போய்ச் சேருமுன் தண்ணீர் காய்ந்து கோடு விழுந்துவிடுகிறது என்பதால் மர நிழல் நகர நகர வண்டியையும் நகர்த்தினார். கண்ணாடி சாய்ந்துபோய் டேஷ்போர்டோடு சேரும் அந்த அடி முடுக்கில் உள்ளங்கை போகவில்லை. நெடுநேரம் முக்கிப் பார்த்துவிட்டு, கையைத் திருப்பிப் போட்டு, புறங்கையால் துணியை அழுத்தினார், போனது. அது ஏன் இத்தனை வருடமாகத் தோன்றவில்லை என்று கையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் பக்கத்துப் பாதி, அதாவது வலது பாதி, முடிந்தது. இடது பாதியை அப்படியே விட்டுவிட்டார்.

மாலையில் வேனில் பேச்சே வேறாக இருந்தது. எல்லோருக்கும் முன்னால் உட்கார ஆசை. முத்துராணி இடதுபுற முன்சீட்டைப் பிடித்துக்கொண்டாள். ஆசியா உம்மாள் அன்றைக்குத் தூங்கவில்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டு நின்றாள். சுத்தமல்லி தாண்டிச் சாலை நேராக மேற்கே திரும்பியது. சூரியன் பனைகளுக்கு மேலே நின்றது.

"ஏ யம்மா!" என்றாள் முத்துராணி.

இடது பாதி வழக்கம்போல வெளுத்துப்போய்ச் சுவராக நின்றது. வலது பாதியில் கண்ணாடியே இல்லை. சாலை, சாலையோரத்து வாய்க்கால், வாய்க்காலில் நின்ற கொக்கு, கொக்கின் கால்கூட. நடுவே கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு.

"பாத்தியளா ராத்தா? இப்பம் என்ன சொல்லுதிய?" என்று முத்துராணி ஆசியா உம்மாள் பக்கம் திரும்பினாள்.

ஆசியா உம்மாள் இரண்டு பாதியையும் மாறி மாறிப் பார்த்தாள். சட்டையைப் பார்ப்பது போலவே தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "சரி. நான் சொன்னது தப்பு. கண்ணாடிதான். அண்ணாச்சி கண்ணுல கோளாறு இல்ல."

பின்னாலிருந்து ஒருத்தி கை தட்டினாள். தீர்ப்பு வந்துவிட்டது. எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்டாயிற்று. இனி யாரும் கண்ணன் வண்டியைப் பற்றிப் பேசப்போவதில்லை. சுடலைமணி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பேசாமல் வண்டியை ஓட்ட வேண்டும்.

அவர் பேசாமல்தான் ஓட்டினார், கொஞ்ச தூரம். வாய்க்கால் நெடுக நின்ற கொக்குகளைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கொக்கு தெரியவில்லை. முன்பைவிட நன்றாகத் தெரிந்தது, ஆனால் அவர்கள் சொல்கிற மாதிரி இல்லை. துடைத்த பாதியிலும் ஒரு மெல்லிய மோர். எங்கோ விட்டுவிட்டோமோ என்று கண்ணாடியின் மூலைகளைத் தேடினார். அவர் எங்கே பார்த்தாலும் அதுவும் அங்கே வந்தது. கண்ணாடியில் இருக்கும் கறைக்குக் கால் கிடையாது. அவர் இடது கண்ணை மூடினார். வெள்ளை. திறந்துவிட்டு வலது கண்ணை மூடினார். கொக்கு.

வண்டியைப் பைய ஓரங்கட்டி நிறுத்தினார்.

"ஏன் நிப்பாட்டினிய?" என்றாள் முத்துராணி.

"இன்னும் இருக்கு."

"என்ன இருக்கு?"

"வெள்ள."

"எங்கன? நல்லாத்தான தொடைச்சிருக்கிய?"

அவர் விரலை எடுத்துக் கண்ணாடியில் வைக்கவில்லை. தன் வலது இமையில் வைத்தார்.

ஆசியா உம்மாள், நான் அப்பமே சொன்னேன்லா, என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்வதற்கு அவளுக்கு இருந்த உரிமை வேறு யாருக்கும் இருந்ததில்லை. அவள் சொல்லவில்லை. "இது எத்தன வெரலு?" என்று கையை நீட்டினாள். உடனே எல்லோரும் ஆளுக்கொரு கையை நீட்டினார்கள். வேனே விரலாகிவிட்டது. யார் கையை எண்ணுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"வெரலெல்லாம் தெரியுதும்மா. வெயிலு எதுக்க வந்தாத்தான் இந்தக் கண்ணுல வெளுத்துருது. இம்புட்டு நாளும் கண்ணாடி அழுக்கோட சேந்து இதுவும் மறைஞ்சு கெடந்திருக்கு. கண்ணாடியத் தொடைச்ச பொறவுதான் இது தனியாத் தெரியுது."

"அப்பம் பேசாம இருந்திருக்கலாம்லா அண்ணாச்சி? ராத்தாவே ஒத்துக்கிட்டாவளே" என்றாள் முத்துராணி, கிட்டத்தட்டக் கோபமாக.

"என்னன்னு தெரியாமத்தான் பிள்ள இம்புட்டு நாளு ஓட்டுனேன். தெரிஞ்ச பொறவு எப்படி ஓட்ட?"

நடுவழியில் நிறுத்தியாயிற்று. இனி எப்படிப் போவது? அதற்கும் அவரே வழி சொன்னார். "வெயிலு விழட்டும். வெயிலு இல்லன்னா எனக்கு ஒரு மறைப்பும் இல்ல. பைய ஓட்டிக்கிட்டுப் போயிருவேன்."

எல்லோரும் இறங்கினார்கள். வாய்க்கால் பாலத்தின் சுவரில் வரிசையாக உட்கார்ந்தார்கள். யாரோ மிச்சமிருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். தினமும் இரண்டு வேளையும் சூரியனை நேருக்கு நேர் பார்த்துப் போனவர்கள், அது மறைவதை உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். மறைய அது இத்தனை நேரம் எடுத்துக்கொள்ளும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வீடுகளிலிருந்து போன் வர ஆரம்பித்தது.

"வேனு ரிப்பேர்லாம் இல்ல. சூரியன் போவட்டும்னு நிக்கோம்... ஆமா, சூரியன்தான்... நான் எதுக்கு ஒங்கள கேலி பண்ணப்போறேன்?"

"சீக்கிரம் போய்த் தொலையேன் சவமே" என்று ஒருத்தி மேற்கைப் பார்த்து அதட்டினாள். அது தன்பாட்டுக்குப் போனது. வெளிச்சம் தணிந்ததும் சுடலைமணி ஏறி உட்கார்ந்தார். முக்கூடல் வரை யாரும் தூங்கவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் அவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டரம்மா, வலது கண்ணில் புரை என்றார். சின்னதுதான், ஆனால் நடு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, எதிர்வெளிச்சம் பட்டால் இப்படித்தான் வெளுக்கும் என்று விளக்கினார். "உள்பக்கமா, வெளிப்பக்கமா?" என்று சுடலைமணி கேட்டாராம். உள்பக்கம்தான் என்றார் டாக்டரம்மா, இதை ஏன் இந்த மனிதர் இவ்வளவு ஆவலாகக் கேட்கிறார் என்று புரியாமல். "அப்பம் தொடைக்க முடியாது" என்று அவரே முடித்துக்கொண்டார். புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் ஒரு லென்ஸ் வைத்தார்கள். சில வாரம் வண்டியைத் தொடக் கூடாது என்று சொல்லி, கறுப்புக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அதுவரைக்கும் பெண்கள் கண்ணன் வண்டியில் போனார்கள். வேறு எதில் போவது? கண்ணன் மரியாதை தெரிந்தவர். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார். "அண்ணாச்சி, ஒண்ணுக்கும் கவலப்படாதீய. ஒங்க ஆளுவளப் பத்திரமாப் பாத்துக்கிடுதேன்" என்றார். சுடலைமணியின் கவலையே அதுதான். பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் அவர்கள் ஏன் திரும்பி வருவார்கள்?

"ஏ.சி. நல்லாருக்காமே?" என்று ஆறுமுகத்தாயிடம் கேட்டார்.

"நல்லாருக்காம். தலைமுடி பறக்கலையாம். தூக்கம் நல்லா வருதாம்" என்றாள் அவள். ஆறுதலுக்காகப் பொய் சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

டாக்டரம்மா ஓட்டலாம் என்று சொன்ன மறுநாள் காலை, சுடலைமணி வேனை நிறுத்தத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். பம்பரில் பத்தி புகைந்துகொண்டிருந்தது. கண்ணன் வண்டியும் அருகிலேயே நின்றது, ஜன்னல் எல்லாம் அடைத்து, உள்ளே குளிரோடு. பெண்கள் ஒவ்வொருவராக வந்து இரண்டுக்கும் நடுவே தயங்கினார்கள். சிலர் அவரிடம் கண்ணைப் பற்றி நிறைய விசாரித்தார்கள். விசாரித்துவிட்டுக் கண்ணன் வண்டியில் ஏறினார்கள். முத்துராணி, அவருக்காக ஆதியிலிருந்து வாதாடியவள், அவர் முகத்தைப் பார்க்காமல், "எனக்குத் தூசி ஒத்துக்கிட மாட்டேங்கு அண்ணாச்சி, அதான்" என்று சொல்லிவிட்டு அதிலேயே ஏறினாள். அவர் தலையாட்டினார். கோபப்பட ஒன்றும் இல்லை. தூசி உண்மைதான்.

ஆசியா உம்மாள் கடைசியாக வந்தாள். இரண்டு வண்டியையும் பார்த்தாள். நேரே போய்ச் சுடலைமணி வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

கண்ணன் சிரித்துக்கொண்டே ஜன்னலருகே வந்தார். "என்ன பெரியம்மா, அண்ணாச்சிக்குக் கண்ணு தெரியலன்னு ஊரெல்லாம் சொன்னது நீங்கதான? இப்பம் இதுலயே ஏறிட்டிய?"

"ஆமா, சொன்னேன். டாக்டரும் பாத்துட்டா, கோளாற எடுத்துட்டா, இனி ஓட்டலாம்னு சொல்லிட்டா. இந்த ரோட்டுல ஓட்டுத ஆள்ல, கண்ணு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரிஞ்ச ஆளு இவர் ஒருத்தர்தான். ஒங் கண்ணு எப்படின்னு எனக்கு என்னப்பா தெரியும்?"

அவள் மெதுவாகப் பேசுகிறவள் அல்ல. அடைத்த கண்ணாடிக்குள்ளும் அது கேட்டது.

சுடலைமணி எஞ்சினைப் போட்டார், வண்டியை இன்னும் நகர்த்தவில்லை. கண்ணன் சிரித்தபடியே தன் வண்டிப் பக்கம் திரும்பினார். இரண்டடி நடந்தார். பிறகு, யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில், இடது கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எதிரே இருந்த உரக்கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தார். கையை மாற்றி, மற்றக் கண்ணால் பார்த்தார். மறுபடியும் முதல் கண்ணுக்கு வந்தார்.

ஏ.சி. வண்டிக்குள்ளிருந்து எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்துராணி சீட்டுக்கு அடியில் வைத்திருந்த டிபன் வாளியைப் பைய வெளியே எடுத்தாள்.